கொடி, இலை, கள்ளி: சைக்கடெலிக் கஷாயங்களின் அனுபவம் எங்கே வேறுபடுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமேசான் காட்டில் அயவாஸ்கா, ஆண்டிஸ் மலைப் பகுதியில் சான் பெத்ரோ கள்ளி, பிரேசிலின் வடகிழக்கில் ஜுரேமா. செடியைக் காய்ச்சியோ ஊறவைத்தோ குடித்து, சில மணி நேரம் வேறொரு மனநிலைக்குப் போய்த் திரும்பும் மரபுகள் தென் அமெரிக்காவில் பல உண்டு. இவற்றை ஒப்பிட்டுக் கேட்கப்படும் கேள்விகளில் அடிக்கடி வருபவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். காய்ச்சும் முறையும் அளவும் இதில் கிடையாது. குடிப்பவருக்கு உள்ளே என்ன நடக்கிறது, அது ஏன் செடிக்குச் செடி மாறுகிறது என்பதைப் பற்றி மட்டும் பேசுவோம்.

எல்லாம் மாயக்காட்சி தரும் செடிகள்தானே? அப்படி என்ன பெரிய வித்தியாசம்?

வேதிப்பொருளை வைத்துப் பார்த்தால் மூன்று தனித்தனி வகைகள் இருக்கின்றன. அயவாஸ்கா கொடியோடு சேர்த்துக் காய்ச்சும் சக்ருனா, சலிபோங்கா இலைகளிலும் ஜுரேமாவிலும் இருப்பது டிஎம்டி. சான் பெத்ரோ, பெயோட்டி ஆகிய கள்ளிகளில் இருப்பது மெஸ்கலின். தோயே என்று அழைக்கப்படும் மர ஊமத்தையில் இருப்பது ஸ்கோபோலமினும் அட்ரோபினும்.

டிஎம்டியும் மெஸ்கலினும் மூளையில் முக்கியமாக ஒரே இடத்தில், அதாவது செரட்டோனின் என்ற நரம்புச் செய்திப் பொருளுக்கான 2ஏ ஏற்பியில் வேலை செய்கின்றன. அதனால் அவற்றுக்குள் உள்ள வேறுபாடு நுணுக்கமானது. நேரம், உடல் உணர்வு, காட்சியின் வேகம் இவற்றில்தான் அது அதிகம் தெரியும். ஸ்கோபோலமின் செய்வது வேறு வேலை. அது அசிட்டைல்கோலின் என்ற இன்னொரு நரம்புச் செய்திப் பொருளின் வேலையைத் தடுத்து, புத்தியைக் குழப்பிவிடுகிறது. இந்த மூன்றையும் ஒரே பட்டியலில் வரிசையாக எழுதி "எது பெஸ்ட்" என்று கேட்கும் வழக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதற்றமாக இருக்கிறது. அதற்கான காரணத்தைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

அயவாஸ்காவில் அனுபவத்தைத் தருவது கொடியா, இலையா?

இரண்டும் சேர்ந்துதான். டிஎம்டியை வாயால் உட்கொண்டால் தனியாக ஒன்றும் நடக்காது. குடலிலும் கல்லீரலிலும் உள்ள மோனோஅமின் ஆக்சிடேஸ் என்ற நொதி, மூளைக்குப் போய்ச் சேரும் முன்பே அதைச் சிதைத்துவிடும். அயவாஸ்கா கொடியான பானிஸ்டெரியோப்சிஸ் காஆபியில் உள்ள ஹார்மின், ஹார்மலின் ஆகியவை அந்த நொதியைத் தற்காலிகமாக அடக்கிவைக்கின்றன. அந்த இடைவெளியில் இலையின் டிஎம்டி ரத்தத்தில் கலந்து மேலே போகிறது.

டிஎம்டியை ரிச்சர்ட் மான்ஸ்கே 1931இலேயே ஆய்வகத்தில் தயாரித்துவிட்டார். ஆனால் அது மனத்தை என்ன செய்யும் என்பது தெரிய வந்தது 1956இல்தான். ஹங்கேரியைச் சேர்ந்த ஸ்டீஃபன் சாரா அதை ஊசி வழியாகத் தன் உடலிலேயே செலுத்திப் பார்த்தார். ஊசியில் போனாலும் புகையாகப் போனாலும் அது சட்டென்று ஏறிச் சீக்கிரமே அடங்கிவிடும். கொடியோடு சேர்த்துக் குடிக்கும்போது அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் தொடங்கி, ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் உச்சத்தைத் தொட்டு, ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் தணிகிறது. மூலக்கூறு ஒன்றுதான், ஆனால் அனுபவம் முற்றிலும் வேறு. புகைத்தவர்கள் தூக்கி எறியப்பட்டதுபோல இருந்தது என்கிறார்கள். குடித்தவர்களோ அலை அலையாக வந்து போனதையும், நடுநடுவே யோசிக்கவும் அழவும் நேரம் கிடைத்ததையும் சொல்கிறார்கள்.

அப்படியானால் கொடி வெறும் துணைப்பொருளா?

காட்டு மரபுகளைக் கேட்டால் பதில் நேர்மாறாக இருக்கும். அவர்களுக்குக் கொடிதான் ஆசான். இலை அதற்கு வெளிச்சம் தருவது. கஷாயத்துக்கே கொடியின் பெயர்தான். தாவரவியலாளர் ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் 1852இல் அமேசானின் வாவுபேஸ் ஆற்றுப் பகுதியில் துகானோ மக்களிடம் இந்தப் பானத்தைப் பார்த்தபோது, அவர் பெயர் சூட்டி அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியதும் இந்தக் கொடியைத்தான்.

கொடியை மட்டும் குடித்தவர்கள் சொல்வது பெரும்பாலும் இப்படி: உடல் கனக்கிறது, தலை லேசாகச் சுற்றுகிறது, குமட்டுகிறது, கண்ணை மூடினால் அரைத் தூக்கக் கனவு மாதிரி மங்கலான காட்சிகள் வருகின்றன, பழைய நினைவுகள் மேலே வருகின்றன. இலை சேரும்போது வரும் பளிச்சென்ற நிறங்களும் வடிவக் கோலங்களும் இதில் குறைவு. சிலியைச் சேர்ந்த மனநல மருத்துவர் கிளாடியோ நரான்ஹோ 1960களில் ஹார்மலினை மட்டும் தன்னார்வலர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். கண்மூடிய நிலையில் காட்சிகள் வந்ததாகப் பலர் சொன்னார்கள். புலி, சிறுத்தை போன்ற பெரிய விலங்குகளும் அவற்றில் இருந்தன. ஆனால் பக்கத்தில் இருப்பவரின் ஒரு சொல்கூட இந்த நிலையில் காட்சியாக மாறிவிடும் என்பதை மறக்கக் கூடாது.

கொடியில் இன்னொரு பொருளும் உண்டு: டெட்ராஹைட்ரோஹார்மின். இது நொதியை அதிகம் தொடுவதில்லை. செரட்டோனின் மீண்டும் உறிஞ்சப்படுவதைச் சற்றுக் குறைக்கிறது. 1993இல் பிரேசிலின் மனாவுஸ் நகரில் சார்லஸ் குரோப் குழுவினர் நடத்திய ஆய்வில், ஹார்மின் ரத்தத்திலிருந்து விரைவாக வெளியேறிய பிறகும் இது நெடுநேரம் தங்கியிருந்தது தெரிந்தது. காட்சி முடிந்த பிறகும் பலர் சொல்லும் அமைதிக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று நான் நினைக்கிறேன். இது என் ஊகம்தான், நிரூபணம் ஆனதல்ல.

சக்ருனாவுக்கும் சலிபோங்காவுக்கும் என்ன வேறுபாடு?

சக்ருனா காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த புதர். பெருவிலும் பிரேசிலிலும் அயவாஸ்காவில் சேர்ப்பது பெரும்பாலும் இதைத்தான். சலிபோங்கா (சக்ரோபங்கா என்றும் சொல்வார்கள்) கொடியின் சொந்தக் குடும்பத்தையே சேர்ந்தது. கொலம்பியாவிலும் ஈக்வடாரிலும் இதன் பயன்பாடு அதிகம். அங்கே கஷாயத்தின் பெயர் யாஹே.

இரண்டையும் குடித்தவர்களின் பேச்சில் ஒரு பொது வரி உண்டு: சக்ருனா மெதுவாக, மென்மையாக, நிறம் நிறைந்து வரும், சலிபோங்கா வேகமாக, கூர்மையாக, சில சமயம் பயமுறுத்தும்படி வரும். இதில் எவ்வளவு இலையின் குணம், எவ்வளவு வீரியம் என்று பிரிப்பது கடினம். சலிபோங்கா இலையில் டிஎம்டி அதிகமாக இருப்பது வழக்கம். அதே அளவு இலை போட்டால் கூடுதல் மருந்து உள்ளே போகிறது. 5-மெத்தாக்சி டிஎம்டியின் சுவடும் அதில் பதிவாகியிருக்கிறது, ஆனால் மிகக் குறைந்த அளவில்தான். அதனால் "சலிபோங்காவின் ஆவி கோபக்காரி" என்று கேள்விப்படும்போது, நான் முதலில் நினைப்பது வீரியத்தைத்தான்.

கொடிக்குப் பதிலாக ஹர்மலா (பெகனம் ஹர்மலா என்ற செடி) விதை பயன்படுத்தினால் அனுபவம் ஒன்றுதானா?

நொதியை அடக்கும் வேலை ஒன்றுதான், உடல் உணர்வு ஒன்றல்ல. ஹர்மலா விதையில் ஹார்மினோடு ஹார்மலினும் நிறைய இருக்கிறது. கொடியில் ஹார்மலின் சிறிதளவே. கொடியில் கணிசமாக இருக்கும் டெட்ராஹைட்ரோஹார்மின் விதையில் மிகக் குறைவு. விதையோடு குடித்தவர்கள் தலைசுற்றல், கை நடுக்கம், காட்சி அதிர்வு, கனத்த குமட்டல் என்று சொல்வது இதனோடு பொருந்துகிறது. விலங்குகளில் நடுக்கத்தை உண்டாக்கி ஆராய்வதற்கு ஆய்வகங்களில் ஹார்மலினைத்தான் பயன்படுத்துகிறார்கள். கொடி "வெதுவெதுப்பாக" இருந்தது என்றும், விதை "இயந்திரம் மாதிரி" இருந்தது என்றும் அடிக்கடி சொல்லப்படும் வேறுபாட்டை நான் நம்புகிறேன். அதற்கு வேதியியல் காரணம் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. ஹர்மலா விதையில் வாசிசினும் உண்டு; ஆடாதோடையில் இருக்கும் அதே பொருள். அது கருப்பையைச் சுருங்கச் செய்யும். கர்ப்பமாக இருப்பவர்களுக்கு இது நேரடி ஆபத்து.

ஜுரேமா?

வடகிழக்கு பிரேசிலின் வறண்ட நிலத்தில் வளரும் மிமோசா மரத்தின் வேர்ப்பட்டை. ஒஸ்வால்டோ கொன்சால்வெஸ் டி லிமா 1946இல் இதிலிருந்து பிரித்தெடுத்து நைஜரின் என்று பெயரிட்ட பொருள், டிஎம்டிதான் என்று பிறகு உறுதியானது. இதில் டிஎம்டி செறிவாக இருக்கிறது. காட்சிகள் வடிவக் கணிதம்போலக் கூர்மையாகவும் வேகமாகவும் வந்ததாகவும், துவர்ப்பு வயிற்றைப் புரட்டியதாகவும் குடித்தவர்கள் சொல்கிறார்கள்.

விடை கிடைக்காத புதிர் ஒன்று இதில் உண்டு. அங்குள்ள பழங்குடி மரபுகளில் கொடி இல்லாமலேயே ஜுரேமா குடிக்கப்பட்டதாகப் பதிவுகள் இருக்கின்றன. நொதியை அடக்க ஏதும் இல்லாமல் அது எப்படி வேலை செய்தது? பட்டையிலேயே அடக்கும் பொருள் இருக்கிறதா, கூட வேறு செடி சேர்ந்ததா, பாடலும் நோன்பும் புகையிலையும் சேர்ந்து செய்த வேலையா என்று இன்றும் விவாதம் நடக்கிறது.

சான் பெத்ரோவையும் அயவாஸ்காவையும் ஒப்பிட்டால்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இரண்டும் பழமையானவை, ஆனால் அனுபவத்தின் அமைப்பு வேறு. பெருவின் சாவின் தே வான்தார் கோயிலில், கையில் கள்ளியைப் பிடித்து நிற்கும் உருவம் கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. அது ஏறக்குறைய 3000 ஆண்டுகள் பழமையானது. டிஎம்டி பக்கம் பார்த்தால், பொலிவியாவில் ஒரு குகையில் கிடைத்த, நரி முகவாய்த் தோலால் தைத்த பையில் ஹார்மின், டிஎம்டி இரண்டின் எச்சமும் இருந்ததை 2019இல் அறிவித்தார்கள். அந்தப் பைக்கு வயது சுமார் 1000 ஆண்டுகள்.

முதல் வேறுபாடு நேரம். அயவாஸ்கா ஒரு இரவின் பகுதி; சான் பெத்ரோ ஒரு முழுப் பகல். மெதுவாக ஏறும், எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும். மெஸ்கலினைக் குடல் நொதி உடனே அழித்துவிடுவதில்லை, அதனால் துணைக் கொடி தேவையில்லை. சொல்லப்போனால், நொதி தடுப்பானோடு அதைச் சேர்ப்பது ஆபத்து.

இரண்டாவது, கவனம் போகும் திசை. அயவாஸ்கா குடித்தவர்கள் இருட்டில் கண்ணை மூடிப் படுத்திருக்கிறார்கள். பாம்புகள், அரண்மனைகள், இறந்துபோன உறவினர்கள் என்று காட்சி உள்ளே நடக்கிறது. அதில் கதை இருக்கிறது, யாரோ பேசுகிறார்கள். மெஸ்கலின் குடித்தவர்கள் பெரும்பாலும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே பேசுகிறார்கள்: இலையின் நரம்பு, மலையின் நிறம், எதிரில் இருப்பவரின் முகம். பேச முடிகிறது, நடக்க முடிகிறது, பாசம் பெருகுகிறது. கூடவே உடலில் ஒரு முறுக்கு, நாடித்துடிப்பு உயர்வு, தூக்கமின்மை.

ஆனால் இங்கே ஒரு தடையைச் சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 32 பேருக்கு மெஸ்கலின், எல்எஸ்டி, சில காளான்களில் இருக்கும் சிலோசைபின் மூன்றையும் வெவ்வேறு நாள்களில், எது என்று சொல்லாமல் கொடுத்த ஆய்வு 2023இல் வெளியானது. அளவுகள் ஈடாக இருந்தபோது, அனுபவத்தின் தன்மையில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. நேரத்தில்தான் வேறுபாடு: மெஸ்கலின் சராசரியாக 11.1 மணி, எல்எஸ்டி 8.2, சிலோசைபின் 4.9. இந்த முடிவை வைத்துப் பார்த்தால், "கள்ளி பகலில் மலையில், கொடி இரவில் குடிலில்" என்ற சடங்கு ஏற்பாடே நாம் செடியின் குணம் என்று சொல்வதில் பெரும்பங்கைச் செய்திருக்கக்கூடும். அயவாஸ்கா அந்த ஆய்வில் இல்லை. கொடியின் பொருள்கள் சேர்வதால் அங்கே கதை இன்னும் சிக்கலானது.

கொடியிலேயே பல வகை உண்டாமே?

உண்டு. பெருவில் வானக் கொடி, கருங்கொடி, இடிக்கொடி என்ற பொருளில் பெயர்கள் வைத்திருக்கிறார்கள். அயவாஸ்காவைச் சடங்கில் குடிக்கும் பிரேசிலின் உனியாவ் தோ வெஜிதால் சமயத்தினர் துக்குனாகா, கவுபுரி என்று பிரிக்கிறார்கள். வானக் கொடி தெளிவும் மென்மையும் தரும், இடிக்கொடி உடலை உலுக்கும் என்கிறார்கள். தாவரவியலில் இவை பெரும்பாலும் ஒரே இனத்துக்குள் அடங்குகின்றன. தலைமுறை தலைமுறையாகக் குடித்துப் பார்த்து வகுத்த பிரிவை வெறும் நம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரே இனத்துக்குள்ளும் வேதிப்பொருளின் விகிதம் மாறும் என்பது எல்லா மூலிகைகளிலும் காண்பதுதான்.

தோயே சேர்த்தால் காட்சி கூடும் என்கிறார்களே?

தயவுசெய்து இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். தோயே ஊமத்தையின் நெருங்கிய உறவு. சில அமேசான் மரபுகளில் மிகச் சிறிய அளவில், நீண்ட பயிற்சி உள்ளவர்கள் மட்டும் கையாள்வது. அதன் விளைவைக் காட்சி என்று சொல்வதே தவறு. அது சித்தக் கலக்கம். டிஎம்டி, மெஸ்கலின் எடுத்தவருக்குத் தான் ஏதோ குடித்திருக்கிறோம் என்ற நினைவு பெரும்பாலும் இருக்கும். தோயே குடித்தவருக்கு அது இருக்காது. இல்லாத ஆளோடு உட்கார்ந்து பேசுவார், இல்லாத பீடியைப் புகைப்பார், மறுநாள் எதுவும் நினைவிருக்காது. வாய் வறளும், கண்மணி விரிந்து பார்வை மங்கும், உடல் கொதிக்கும், இதயம் தாறுமாறாக ஓடும், சிறுநீர் இறங்காது. கலக்கம் நாள்கணக்கில் நீடிக்கலாம். தாங்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடையே தூரம் மிகக் குறைவு. இலைக்கு இலை வீரியம் மாறுகிறது. உயிரிழப்புகள் நடந்திருக்கின்றன.

யாராவது தரும் கஷாயத்தில் இது கலந்திருக்கிறதா என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது.

இபோகா இந்தப் பட்டியலில் வருமா?

பக்கத்தில்தான் வரும். இது ஆப்பிரிக்கப் புதர். காபோன் நாட்டின் ப்விட்டி சமயத்தில் வேர்ப்பட்டையாகவே பெரும்பாலும் உண்ணப்படுகிறது. விழித்துக்கொண்டே காணும் நீண்ட கனவு என்று வர்ணிக்கிறார்கள். ஒரு நாளைத் தாண்டியும் போகும். இதயத் துடிப்பின் மின் ஒழுங்கைக் குலைப்பதால் இறப்புகள் பதிவாகியுள்ளன.

ஒரே பானையிலிருந்து ஊற்றிக் குடித்த இருவர் ஏன் வெவ்வேறு அனுபவம் சொல்கிறார்கள்?

உடல் ஒரு காரணம். ஹார்மினைச் சிதைக்கும் கல்லீரல் நொதி சிலருக்கு வேகமாகவும் சிலருக்கு மெதுவாகவும் வேலை செய்கிறது. ஆனால் மனமும் சூழலும் அதைவிடப் பெரிய காரணங்கள் என்பது என் எண்ணம். மானுடவியலாளர் அந்தோணி வாலஸ் 1959இல் எழுதிய கட்டுரை இதற்கு நல்ல சான்று. ஆய்வகத்தில் மெஸ்கலின் எடுத்த வெள்ளையர்களையும், வழிபாட்டில் பெயோட்டி உண்ட அமெரிக்கப் பூர்வகுடியினரையும் அவர் ஒப்பிட்டார். முதல் குழுவினரிடம் மனநிலை தாறுமாறாக ஆடியது, கூச்சம் உடைந்தது, தான் என்பதே கரைந்துபோகும் பீதி வந்தது. இரண்டாம் குழுவினரிடம் பக்தியும் ஒழுங்கும் நோய் தணிந்த உணர்வும் இருந்தன. மருந்து ஏறக்குறைய ஒன்றுதான்.

இன்னும் ஒருபடி மேலே போய், கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில் 33 பேருக்கு வெறும் மாத்திரையைக் கொடுத்து, சைக்கடெலிக் என்று நம்ப வைத்தார்கள். அறையில் இசை, வண்ண விளக்கு, விளைவு வந்ததுபோல நடிப்பதற்கு ஆட்கள். 61 சதவீதம் பேர் ஏதோ ஒரு விளைவை உணர்ந்ததாகச் சொன்னார்கள். சுவரில் இருந்த ஓவியம் நகர்ந்தது என்றவர்களும் உண்டு.

வாந்தி எடுப்பது அனுபவத்தின் பகுதியா, பக்க விளைவா?

வேதியியலில் பார்த்தால், குடலில் செரட்டோனின் கூடுவதும் ஹார்மலா பொருள்களும் சேர்ந்து வாந்தியைத் தூண்டுகின்றன. மரபில் அது சுத்திகரிப்பு. பெருவில் கஷாயத்துக்கே "லா பூர்கா" (வயிற்றைக் கழுவி வெளியேற்றுவது) என்ற பெயர் உண்டு. வாந்திக்குப் பிறகு பயம் விலகிக் காட்சி தெளிந்தது என்று பலர் சொல்கிறார்கள். சான் பெத்ரோவில் குமட்டல் ஆரம்பத்தில் வந்து அடங்கும். அயவாஸ்காவில் உச்சத்திலேயே வரும்.

"இயற்கைச் செடி, அதனால் ஆபத்தில்லை" என்பது சரியா?

சரியல்ல. கொடியும் ஹர்மலாவும் நொதி தடுப்பான்கள் என்பதால், மனச்சோர்வுக்கான எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரைகள், டிரமடால் வலி மாத்திரை, இருமல் மருந்துகளில் வரும் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் போன்றவற்றோடு சேர்ந்தால் செரட்டோனின் மிதமிஞ்சி உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரையை நேற்று நிறுத்திவிட்டேன் என்பது போதாது. எஸ்எஸ்ஆர்ஐ வகையைச் சேர்ந்த ஃபுளுவாக்செட்டின் உடலை விட்டு நீங்க ஐந்து வாரம்வரை ஆகும். மருத்துவரைக் கேட்காமல் சட்டென நிறுத்துவதும் தனி ஆபத்து. மனநிலையைச் சீராக்கத் தரப்படும் லித்தியம் எடுப்பவர்களுக்கு சைக்கடெலிக்குகளோடு வலிப்பு வந்ததாகப் பல குறிப்புகள் உள்ளன. இதய நோய், உயர் ரத்த அழுத்தம், தனக்கோ நெருங்கிய ரத்த உறவுக்கோ மனப்பிளவு அல்லது இருமுனைக் கோளாறு இருந்தால், எந்தக் கஷாயம் மென்மையானது என்ற ஒப்பீட்டுக்கே இடமில்லை.

மனச்சோர்வுக்கு எது நல்லது?

கஷாயங்களில் அயவாஸ்காவுக்குத்தான் ஓரளவு சோதனைச் சான்று இருக்கிறது. பிரேசிலில், மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு உள்ள 29 பேரை வைத்து நடத்திய ஆய்வில், ஒரு முறை குடித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்தும் போலி மருந்து பெற்றவர்களைவிட அறிகுறிகள் குறைந்திருந்தன. நம்பிக்கை தரும் முடிவு. ஆனால் சிறிய ஆய்வு, மருத்துவமனைக் கண்காணிப்பில் நடந்தது.

சட்டப்படி இவை எல்லாம் ஒன்றா?

டிஎம்டி, மெஸ்கலின் இரண்டும் 1971ஆம் ஆண்டு ஐநா ஒப்பந்தத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. செடிக்கும் கஷாயத்துக்கும் அது பொருந்துமா என்பதை ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி முடிவு செய்கிறது. பிரேசிலில் அயவாஸ்காவின் சமயப் பயன்பாடு அனுமதிக்கப்பட்டது. பெரு 2008இல் அயவாஸ்கா அறிவைப் பண்பாட்டு மரபாக அறிவித்தது. அமெரிக்காவில் 2006இல் உச்ச நீதிமன்றம் உனியாவ் தோ வெஜிதால் குழுவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இவற்றை வைத்து வேறு நாட்டிலும் அப்படித்தான் என்று எண்ண வேண்டாம்.

பிறர் எழுதும் அனுபவக் குறிப்புகளை எப்படிப் படிப்பது?

ஆய்வாளர்கள், டிஎம்டியை ஆராய்ந்த மருத்துவர் ரிக் ஸ்ட்ராஸ்மனின் அளவுகோலைப் போன்றவற்றைப் பயன்படுத்துகிறார்கள். உடல் உணர்வு, உணர்ச்சி, புலனுணர்வு, சிந்தனை, தன் மீதான கட்டுப்பாடு, தீவிரம் என்று ஆறு பகுதிகளாக அது கேட்கிறது. குறிப்பைப் படிக்கும்போது நீங்களும் அப்படியே பிரித்துப் பாருங்கள். "வலிமையாக இருந்தது" என்று ஒருவர் எழுதினால், காட்சி வலிமையா, பயம் வலிமையா, வயிற்று வலி வலிமையா? அப்புறம், எந்தெந்தச் செடி சேர்ந்தது, வேறு மருந்து எடுத்திருந்தாரா, பக்கத்தில் யார் இருந்தார், எத்தனை மணி நேரம் நீடித்தது என்று தேடுங்கள். நான்கு மணி நேரத்தில் முடிய வேண்டியது இரண்டு நாள் நீடித்தது, நினைவே இல்லை, கண் மங்கியது என்று எழுதியிருந்தால், அவர் எந்தப் பெயரைச் சொன்னாலும் அந்தப் பானையில் தோயே இருந்திருக்கிறதா என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.